சிறுகனிகளும் புற்றுநோயும்

நோய் வந்தபின் மருந்தை நாடுவதினும், அது வாராமற் காத்துக்கொள்வதே அறிவுடைமை என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், காக்கும் வழி யாதென்று வினவுமிடத்து மெய்யும் புனைவும் கலந்தே விடையாக வருகின்றன. நெல்லி, நாவல் முதலிய சிறுகனிகளை உண்பாரைப் புற்றுநோய் அணுகாதென்று பலர் கூறக் கேட்கிறோம். இக்கூற்றில் எத்துணை உண்மை உண்டென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நமது சரீரம் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. அவை தேவைக்கேற்பப் பிரிந்து பெருகிக் காலம் முடிந்ததும் மாய்வன. ஓர் உயிரணுவின் மரபுப்பொருளில் பழுதுகள் பல ஒன்றன்மேலொன்றாகச் சேருமாயின், அது கட்டுப்பாட்டை இழந்து வரம்பின்றிப் பெருகத் தொடங்கும். அதுவே புற்று. இப்பழுதுகள் புகையிலை, மது, கடும் வெயில், சிலவகைக் கிருமிகள் ஆகியவற்றாலும், முதுமையாலும், தற்செயலாகவும் நேர்வன. இவை சேர்வதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் செல்லுமாதலின், தடுப்பதற்கும் காலம் உண்டு.

இனி, கனிகளில் உள்ளவை யாவை? நாவற்பழம் உண்டபின் நாவிற் படியும் ஊதா நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளால் ஆவது. நெல்லியின் துவர்ப்பு டானின் வகைப் பொருள்களால் வருவது. ஸி ஜீவசத்தும் அதில் ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு உண்டு. மேனாட்டு ஸ்டிராபெரி, ராஸ்பெரி முதலியவற்றில் எல்லாஜிக் அமிலத்தைத் தரும் பொருள்கள் உள. இவற்றுட் பல, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கலங்களிற் புற்றணுக்களின் பெருக்கத்தைத் தளர்த்தியுள்ளன.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் எலிகளைக் கொண்டு செய்த சோதனையொன்று 2001-ல் வெளியாயிற்று. உணவுக்குழலிற் கட்டி தோற்றுவிக்கும் நஞ்சை எலிகளுக்கு ஏற்றி, உலர்த்திய கறுப்பு ராஸ்பெரிப் பொடியை ஆகாரத்தில் நூற்றுக்கு 5 அல்லது 10 பங்கு கலந்து ஊட்டினர். கட்டிகள் கணிசமாகக் குறைந்தன. ஆனால், நாம் உண்ணும் பழத்தில் மிகப்பெரும் பகுதி நீரே. அவ்வளவு பொடியை மனிதன் நாடோறும் பெறவேண்டின், மிகுதியாகப் பழம் தின்னவேண்டும். மேலும், எலியிற் கண்டது மனிதனிடத்தும் அவ்வாறே நிகழுமென்று துணிதல் தகாது.

அங்ஙனமாயின், பழத்தின் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாக உண்ணலாகாதோ என்று சிலர் வினவலாம். இதற்குப் பின்லாந்து தேசத்து ஆராய்ச்சி தக்க விடையளிக்கின்றது. காய்கனிகளில் உள்ள பீட்டா கரோட்டின் நுரையீரற் புற்றைத் தடுக்குமென்று நம்பி, 1985-ல் தொடங்கி, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை நான்கு பிரிவினராக்கி, இரு பிரிவினர்க்கு அம்மாத்திரையை ஆண்டுக்கணக்கில் அளித்து வந்தனர். முடிவு 1994-ல் வெளியாயிற்று. மாத்திரை உண்டோரிடையே நுரையீரற் புற்று நூற்றுக்கு 18 பங்கு மிகுந்திருந்தது! அமெரிக்காவில் நடந்த இத்தகைய மற்றொரு சோதனை, தீங்கு விளைதல் கண்டு 1996-ல் இடையே நிறுத்தப்பட்டது. எனவே, கனியில் இருந்து நன்மை செய்யும் பொருளே தனித்து மிகுந்தவிடத்துத் தீமை செய்தலும் கூடும் என அறிகிறோம்.

ஆதலின், ஒரு கனியைப் புற்றுக்கு மருந்தெனக் கொள்ளாது, நல்லுணவின் ஓர் அங்கமாகக் கொள்வதே முறை. காய்கனிகள் நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ணவேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் வற்புறுத்துகின்றது. நார்ச்சத்து மிக்க உணவு பெருங்குடற் புற்றின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்பதற்கு வலிய சான்றுகள் உள. இதற்கு விலையுயர்ந்த அயல்நாட்டுக் கனிகள் வேண்டுவதில்லை. நெல்லி, நாவல், கொய்யா, இலந்தை ஆகியவற்றைப் பருவத்திற் கிடைத்தவாறு உண்டால் அமையும். அவற்றையும் உப்பிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறவைத்து மிகுதியாக உண்ணாதிருத்தல் நலம்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. காலையில் நெல்லிச்சாறு பருகி மாலையில் புகைபிடிப்பவன், ஓட்டைப் படகில் நின்று உள்ளங்கையால் நீர் இறைப்பவனை ஒப்பான். புகையிலையையும் பாக்கையும் மெல்லாது விடுத்தலால் வரும் காப்பினை எக்கனியும் தரவல்லதன்று. வாயில் ஆறாத புண்ணோ, உடலிற் புதியதொரு கட்டியோ கண்டவர், பழச்சாற்றையும் பொடியையும் நம்பி நாட்களைக் கழியாது உடனே வைத்தியரை அடைதல் வேண்டும். தொடக்கத்திற் கண்டறியப்பட்ட புற்றுகளுட் பல குணமாகத்தக்கன. மாணவராகிய நாம் இவ்வுண்மையைக் கற்றதோடு அமையாது, விடுமுறையில் இல்லஞ்செல்லுங்கால் நம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்போமாக.