ஏலக்காய் உலர் அறை: புதிய கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிக்கும் முறை

தேவாரம், போடிநாயக்கனூருக்கு மேலுள்ள மலைத்தோட்டங்களில் ‘ஸ்டோர்’ எனப்படும் ஏலக்காய் உலர் அறையில், சூடேற்றியையும் ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறியையும் தானே இயக்கி நிறுத்தும் மின்னணுக் கருவியைப் பொருத்தியதும், காயைப் பரப்புவதற்கு முன் வெற்று அறையிலேயே அதை ஓட்டிப் பார்ப்பது நல்லது. முதலில் சோதிக்க வேண்டியது உணரி, அதாவது வெப்பத்தை அளக்கும் முனை: உருகும் பனிக்கட்டி நீரில் அது 0 டிகிரி செல்சியஸைக் காட்ட வேண்டும்; கொதிநீரிலோ 100-ஐ எதிர்பார்த்தல் தவறு, ஏனெனில் உயரம் சுமார் 300 மீட்டர் கூடுந்தோறும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவதால், 1,000 மீட்டர் உயரத் தோட்டத்தில் 97-ஐ ஒட்டிய அளவே சரியானது. சூடு ஏற ஏற எண் இறங்கினால் கருவியைப் பழிக்க வேண்டியதில்லை. இரு வேறு உலோகக் கம்பிகளை முறுக்கிச் செய்த வெப்ப இரட்டை என்னும் வகை உணரியாயின், அக்கம்பிகள் பெரும்பாலும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கும். மும்முனை மின்சாரத்தில் ஓடும் விசிறியும் இவ்வாறே எதிர்த்திசையில் சுழலக்கூடும் என்பதால், அதன் வெளிவாயில் ஒரு தாளைப் பிடித்து, அது வெளிப்புறம் தள்ளப்படாவிடில், மின்பணியாளரைக் கொண்டு இரு முனைகளை மாற்றச் செய்ய வேண்டும். உணரியைக் கதவோரத்திலும் சூடேற்றியருகிலும் வைக்காமல், காய்த்தட்டுகளின் நடு உயரத்தில் தொங்கவிட்டால்தான், பச்சை நிறத்தைக் காக்கும் 45 முதல் 55 டிகிரி வரையிலான வெப்பம் காயைச் சூழ்ந்த காற்றிலேயே அளக்கப்படும்.