வடியும் காதுக்கு மருந்தை எங்கே போடவேண்டும்?



இந்த மாதப் பாடத்திற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு வியாதியை எடுத்துக்கொள்கிறோம்: பிள்ளைகளின் காதில் சீழ் வடிதல். உங்களில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை எப்போதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வரும். வாடை அடிப்பதால் மற்ற பிள்ளைகள் சற்று விலகி உட்காரும். பெயர் சொல்லி அழைத்தால் இரண்டாம் தரம் அழைத்த பிறகுதான் திரும்பும். கவனமில்லாத பிள்ளை என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம். உண்மையில் அதற்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

இது எப்படித் தொடங்குகிறது? சளி பிடித்திருக்கும்போது மூக்கின் பின்புறமிருந்து நடுச்செவிக்குப் போகும் சிறு குழாய் வழியாகக் கிருமிகள் ஏறுகின்றன. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டமாகவும் இருப்பதால் அவை எளிதில் ஏறிவிடும். உள்ளே சீழ் கட்டி, காய்ச்சலும் தாங்கமுடியாத வலியும் வரும். பிள்ளை இரவெல்லாம் அழும். பிறகு செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வந்ததும் வலி நின்றுவிடும். பெற்றோர் நிம்மதி அடைவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கிழிசல் தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடுவதில்லை. துளை திறந்தே இருக்க, குளிக்கிற தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வெளிக்கிருமிகளும் நேரே உள்ளே போகின்றன. வடிதல் வாரக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கிறது. வலி இல்லாததால் யாரும் அவசரப்படுவதில்லை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் காய்ச்சின எண்ணெய் விடச் சொல்வார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறரைக் கோடி முதல் 33 கோடி பேருக்கு இப்படிக் காது வடிவதாகவும், அவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க அளவு கேள்விக் குறைவு இருப்பதாகவும் கணக்கிட்டது. இந்தியா இந்த வியாதி மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது.

இனி பாடத்தின் முக்கியமான இடத்திற்கு வருவோம். வடியும் காதோடு பிள்ளையைக் கொண்டுவரும் தாய் எதிர்பார்ப்பது ஊசி. ஊசி இல்லாவிட்டால் விலை கூடின மாத்திரை. சின்னச் சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்தால் முகம் வாடிவிடும். "இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது இதுக்குத்தானா?" என்று கேட்பார்கள். ஆதரவாளர்களில் சிலருக்கும் இதே எண்ணம் இருக்கலாம்: விலை குறைந்த மருந்து ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தர மருந்தோ என்று. அப்படியல்ல. இந்த வியாதிக்கு அதுவே முதல்தர மருந்து.

காரணம் கேளுங்கள். புதிதாக வந்த, வலியோடு கூடிய காது வியாதிக்கு அமாக்ஸிசிலின் போன்ற வாய்வழி மருந்து பொருத்தமானதே. ஆனால் 14 நாளுக்கு மேல் வடியும் காதில் குடியிருப்பவை பெரும்பாலும் வேறு கிருமிகள். அவற்றில் முக்கியமானது ஈரத்தில் செழிக்கிற ஸூடோமோனாஸ். சாதாரண அமாக்ஸிசிலினுக்கு அது அசையாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் அதையும் மாத்திரையாகக் கொடுத்தால், 500 மில்லிகிராம் விழுங்கிய பெரியவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு, மூன்று மைக்ரோகிராம்தான் சேரும். நாட்பட்டுத் தடித்துப்போன நடுச்செவித் தோலுக்கு அதிலும் எவ்வளவு போய்ச் சேருமோ! அதே மருந்தின் 0.3 சதவீதச் சொட்டு மருந்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 3,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அதுவும் கிருமி இருக்கிற இடத்திலேயே விழுகிறது. வயிற்றையும் உடம்பின் மற்ற பாகங்களையும் தொந்தரவு செய்வதில்லை. சொட்டு மருந்தோடு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பிரயோஜனம் இருப்பதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காது சீழால் நிறைந்திருக்கும்போது மருந்தை விட்டால் அது சீழின்மேல் மிதந்து வெளியே வந்துவிடும். பாசி பிடித்த சுவரைச் சுரண்டாமல் சுண்ணாம்பு அடிப்பதைப் போலத்தான். ஆகவே முதலில் காதை உலர்த்த வேண்டும். தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை இது. சுத்தமான பழைய பருத்தித் துணியில் சிறு துண்டு கிழித்து, விளக்குத் திரிபோல முறுக்கிக்கொள்ளுங்கள். ஈர்க்குச்சி, தீக்குச்சி, கோழி இறகு, ஊக்கு எதுவும் வேண்டாம். துணித்திரி மட்டும் போதும். பிள்ளையின் காதுமடலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, திரியைக் காதுக்குள் வைத்து, அது நனைந்ததும் எடுத்துவிடுங்கள். புதுத்திரி வையுங்கள். திரி உலர்ந்து வரும்வரை இப்படியே செய்யவேண்டும். முதல் நாளில் நாலைந்து திரி ஆகும்; பொறுமை வேண்டும். வைத்த திரியை உள்ளேயே விட்டுவிடக் கூடாது.

பிறகு புட்டியை உள்ளங்கையில் சில நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போனால் பிள்ளைக்குத் தலை சுற்றும்; மறுநாள் காதைக் காட்ட மறுத்துவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து மருந்தை விட்டு, காதுத் துவாரத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குருத்தை விரலால் நாலைந்து தடவை அழுத்துங்கள். மருந்து துளை வழியாக உள்ளே இறங்கும். "தொண்டையில் கசக்குது" என்று பிள்ளை சொன்னால் பயப்படாதீர்கள்; மருந்து போகவேண்டிய இடத்தைத் தாண்டிக் குழாய் வழியே தொண்டைவரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். சில நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். தினம் மூன்று தரம், இரண்டு வாரம். நாலாம் நாளே வடிதல் நின்றுவிட்டாலும் நிறுத்தக் கூடாது.

புட்டியின்மேல் கண்ணுக்கும் காதுக்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். கண்ணுக்கு ஆகும் இந்த மருந்து காதுக்கும் ஆகும். காதுக்கென்று மட்டும் செய்ததைக் கண்ணில் விடக் கூடாது. திறந்த புட்டியை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். ஒருவர் புட்டியை மற்றவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

இது எங்கள் சொந்த அபிப்பிராயம் என்று எண்ணவேண்டாம். கென்யாவில் பள்ளிப்பிள்ளைகளிடம் செய்து 1996-ல் வெளிவந்த ஆய்வில், காதைத் துடைத்து உலர்த்துவது மட்டும் செய்த பிள்ளைகளுக்கும் ஒன்றும் செய்யாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. உலர்த்துவதோடு மருந்தும் சேர்ந்தபோது பாதிப்பேருக்கு வடிதல் நின்றது. 2005-ல் வெளிவந்த மற்றொரு கென்ய ஆய்வில் 427 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சிப்ரோஃப்ளாக்ஸசின் சொட்டு, மற்றவர்களுக்குச் சாராயத்தில் கரைத்த போரிக் அமிலச் சொட்டு. இரண்டு வாரத்தில் முதல் பகுதியில் 59 சதவீதத்தினருக்கும், இரண்டாம் பகுதியில் 32 சதவீதத்தினருக்கும் காது உலர்ந்தது. இதில் எங்களை மிகவும் தொட்ட விஷயம், அந்த மருந்தைப் பள்ளியில் பிள்ளைகளே பிள்ளைகளுக்கு விட்டார்கள் என்பது. பெரிய படிப்பு தேவையில்லை. கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

59 என்றால் மீதி 41 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். சொட்டு மருந்து எல்லாரையும் சுகப்படுத்துவதில்லை. இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வடிந்தால், காது வைத்தியர் கருவி வைத்து உள்ளே பார்த்தாக வேண்டும். கொஞ்சமாக, ஆனால் மிகுந்த துர்நாற்றத்தோடு வடியும் காதில் சில சமயம் தோல் உள்நோக்கி வளர்ந்து எலும்பை அரிக்கும். அதற்கு அறுவை சிகிச்சையே வழி. மாதக்கணக்கில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருந்தால் காதில் காளான் பிடிக்கும். கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்திலும் ஜாக்கிரதை தேவை: ஜென்டாமைசின் போன்ற சில சொட்டு மருந்துகள், செவிப்பறையில் துளை உள்ள காதில் உள்செவிவரை சென்று கேட்கும் நரம்பணுக்களைக் கெடுத்துவிடக்கூடும். காதைச் சுகமாக்கப் போய்க் கேள்வியையே இழந்துவிடலாம்.

காதின் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும், தூக்கக்கலக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நடுச்செவிக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுதான். சீழ் அதைத் தாண்டினால் மூளை உறையில் காய்ச்சல், மூளையில் கட்டி. பிள்ளை இறந்தும் போகலாம். வலியில்லாத வியாதிதானே என்று விட்டுவைத்த காதுகளிலிருந்தே இவை வருகின்றன.

காது உலர்ந்தபின் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எண்ணெய், வெங்காயச்சாறு எதுவும் உள்ளே போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளித்துவாரத்தில் வைத்து, குளித்ததும் எடுத்துவிட வேண்டும். குளம், கிணற்றில் முங்குவது வேண்டாம். ஆண்பிள்ளைகளிடம் இதைச் சாதிப்பது கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். சிறு துளை சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளலாம். மூடாவிட்டால், காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்துச் செவிப்பறையில் ஒட்டும் அறுவை சிகிச்சை உண்டு. உலர்ந்த காதில் அதைச் செய்வதே நல்லது. அதற்கு முன்னும் பின்னும் கேள்விப் பரிசோதனை செய்யப்படும்.

அதுவரை, ஞாயிறு பள்ளியிலும் வாரநாள் பள்ளியிலும் அந்தப் பிள்ளையை முன்வரிசையில், நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவையுங்கள். பேசும்போது உங்கள் முகம் அதற்குத் தெரியட்டும்.