கருமையில் ஒரு வெண்புள்ளி

கரும்பலகையில் கரித்துண்டால் எழுதினால் என்ன ஆகும்? எழுத்து அங்கே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. சுண்ணக்கட்டியால் எழுதினாலோ கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிகிறது. ஒரு பொருளைக் காண அதன்மீது ஒளி விழுந்தால் மட்டும் போதாது. அதற்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வில் வேறுபாடு இருக்க வேண்டும். இதனை ஒளி மாறுபாடு என்கிறோம். கைத்துப்பாக்கியின் குறிபார்க்கும் அமைப்பில் வெண்புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் இடப்படுவது இதற்காகவே.

கைத்துப்பாக்கிக் குழலின் முனையில் சிறு தகடு ஒன்று நிமிர்ந்து நிற்கும், இது முன்குறி. சுடுபவரின் பக்கத்தில் உள்ள தகட்டில் சதுரப் பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும், இது பின்குறி. பள்ளத்தின் வழியே பார்க்கும்போது முன்குறி அதன் நடுவில் நிற்க வேண்டும். இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சம அகலமாகவும், இரு குறிகளின் மேல்விளிம்புகள் ஒரே மட்டத்திலும் இருக்க வேண்டும்.

இதில் அரை மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் என்ன? கணக்கிடுவோம். குறிகளின் இடைத்தொலைவு 160 மி.மீ., இலக்கின் தொலைவு 10 மீட்டர் எனக் கொள்க. ஒத்த முக்கோணங்களின்படி இலக்கில் விலகல் 0.5 × 10,000 ÷ 160, அதாவது ஏறக்குறைய 31 மி.மீ. ஒலிம்பிக்கில் நடைபெறும் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான்! போட்டித் துப்பாக்கிகளில் இடைத்தொலைவு இதைவிட அதிகம். ஆயினும் சிறு பிழை பெருகும் விதி ஒன்றே.

இனிக் கண்ணின் சிக்கலைப் பார்ப்போம். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு தொலைவுகளில் உள்ளன. கண்ணின் லென்சு ஒரே சமயத்தில் ஒரு தொலைவில் உள்ள பொருளுக்கே தெளிவான பிம்பத்தை விழித்திரையில் அமைக்கும். எனவே தேர்ந்தவர்கள் முன்குறியைத் தெளிவாக்கி, இலக்கைச் சற்று மங்கலாகவே விட்டுவிடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற போட்டியிலும் தொலைநோக்கியோ லேசரோ பொருத்த அனுமதியில்லை. இத்தகைய போட்டிகளில் பலர் இலக்கின் கருவட்டத்தைக் குறிபார்ப்பதில்லை. அதன் கீழேயுள்ள வெள்ளைப் பகுதியில் குறியை நிறுத்துகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் கரிய விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும் அல்லவா?

ஆனால் அந்தி வேளையில் கடமையில் இருக்கும் காவலருக்கு வெள்ளைத்தாளை யார் பிடிப்பார்கள்? எதிரே கருநிற உடை. கையில் கரிய முன்குறி. இரண்டிலிருந்தும் கண்ணுக்கு வரும் ஒளி ஏறத்தாழச் சமம். குறி மறைந்துவிடுகிறது. நொடிப்பொழுதில் குறி தெரியாமற்போனால் குண்டு அருகில் நிற்கும் வழிப்போக்கர்மீது பாயக்கூடும். இங்கேதான் அடையாளப் புள்ளிகள் உதவுகின்றன.

இவை மூவகைப்படும். முதலாவது வெண்சாயப் புள்ளி. முன்குறியில் ஒன்று, பள்ளத்தின் இருபுறமும் ஒவ்வொன்று; மூன்றும் ஒரே வரிசையில் அமையவேண்டும். இது தன்மீது விழும் ஒளியையே திருப்பியனுப்புவதால் இருட்டில் பயன்படாது. இரண்டாவது நிறமூட்டிய ஒளியிழைத் துண்டு. பக்கவாட்டில் விழும் ஒளியை ஏற்று இழையிலுள்ள சாயம் ஒளிர்கிறது. அவ்வொளியின் ஒரு பகுதி முழு அக எதிரொளிப்பால் முனைக்கு வந்து பளிச்சிடுகிறது. இதற்கும் வெளியொளி தேவை. மூன்றாவது டிரிட்டியம் வாயு அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குழாய். டிரிட்டியம் வெளியிடும் பீட்டா துகள்கள் உட்பூச்சின்மீது மோத, அது தானே ஒளிர்கிறது. இதன் அரை ஆயுட்காலம் சுமார் 12.3 ஆண்டுகள், ஆண்டுகள் செல்லச்செல்ல ஒளி குன்றும்.

பல புள்ளிகள் பச்சையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பகலொளியில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்திலும், மங்கிய ஒளியில் 507 நானோமீட்டர் அலைநீளத்திலும் மிகுந்த உணர்வுடையது. இரண்டுமே பச்சைப் பகுதியைச் சேர்ந்தவை.

அப்படியானால் பளிச்சிடும் புள்ளி இருந்தால் குறி தப்பாது என்று எண்ணலாமா? கூடாது. புள்ளி குறியைக் கண்டுபிடிக்க உதவுகிறது; நுட்பமாக அளப்பது விளிம்பே. மிகுந்த ஒளியுடைய புள்ளி கண்ணில் பரவி, விளிம்பை மங்கச் செய்யும். பக்கத்திலிருந்து வெயில் பட்டு ஒரு விளிம்பு மட்டும் மின்னினால், முன்குறியே நகர்ந்ததுபோல் தோன்றும். ஆகவேதான் முற்காலப் போட்டியாளர்கள் கார்பைடு விளக்கின் புகைக்கரியைக் குறிகளில் படியவைத்து மினுமினுப்பைப் போக்கினார்கள். விரைவு வேண்டுமிடத்தில் புள்ளி. நுட்பம் வேண்டுமிடத்தில் மங்கிய கருமை.

இதைச் சோதித்துப்பார்க்கத் துப்பாக்கி தேவையில்லை. கறுப்பு அட்டையில் 4 மி.மீ. அகலமுள்ள ஒரு பட்டையை வெட்டிக் கையை நீட்டிப் பிடியுங்கள். முதலில் வெள்ளைச் சுவரையும், பிறகு விளக்கணைத்த அறையின் கதவிடுக்கையும் பின்னணியாகக் கொண்டு பாருங்கள். அடுத்து, பட்டையின் நுனியில் வெள்ளைத்தாள் புள்ளி ஒன்றை ஒட்டி மீண்டும் பாருங்கள். எந்தப் பின்னணியில் புள்ளி துணை செய்கிறது, எதில் அது தேவையற்றதாகிறது என்பதை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.