மணிக்கணக்கை வைத்துச் சொல்ல முடியாது

நெருப்பெரிச்சல், திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

"கேம் ஆடறதெல்லாம் ஒரு வியாதியா அத்தை? டாக்டருங்களே ஒத்துக்கலையாமே?" என்று கேட்டிருந்தாய். சொந்தக்காரர்கள் நடுவில் உங்கம்மா உன்னைக் 'கேமுக்கு அடிமை' என்று சொன்னது உனக்குச் சுட்டிருக்கிறது. சுடத்தான் செய்யும். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி. நான் படித்ததையும், பள்ளிக்கூடத்தில் உன் வயதுப் பிள்ளைகளிடம் பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பாதி உண்மை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டைப் புதுப்பித்தபோது, இணைய விளையாட்டுச் சிக்கலை இன்னும் ஆராய வேண்டியவற்றின் வரிசையில்தான் வைத்தது. அதே கையேடு சூதாட்டத்தை மட்டும் குடியோடும் போதைப்பொருளோடும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. இதை நினைவில் வை, பின்னால் தேவைப்படும். உலக சுகாதார நிறுவனம் இன்னும் துணிந்து போனது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அதன் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் நோயும் உண்டு.

அது பட்டியலில் ஏறும் முன்பே, 2017இல், பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி எதிர்ப்பு எழுதினார்கள். போதைப்பொருளுக்கும் சூதுக்கும் வகுத்த அடையாளங்களை விளையாட்டின் மேல் அப்படியே ஒட்டலாமா? மனச்சோர்விலோ தனிமையிலோ இருக்கிற பிள்ளை ஆட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டால், ஆட்டம்தான் நோய் என்று சொல்லிவிட்டு உள்ளே இருக்கிற நோவை யார் பார்ப்பது? சும்மா பொழுதுபோக்காக ஆடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டார் நோயாளிப் பட்டம் கட்டிவிடுவார்களே? இவை வெறும் தர்க்கமல்ல. இந்த மூன்றாவது பயம் உன் வீட்டிலேயே பலித்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியின் குழு அதே ஆண்டு நான்கு நாடுகளில் எடுத்த கணக்கிலும், நோய் என்று சொல்லும் நிலையில் இருக்கக்கூடியவர்கள் மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குள்தான் வந்தார்கள்.

என் முடிவு இது: நோய் உண்டு, ஆனால் அது சிலருக்குத்தான். உன்னைப் போன்ற பெரும்பாலோருக்கு இருப்பது பழக்கம், சில சமயம் கெட்ட பழக்கம். அந்தச் சிலரில் நீ ஒருவனா என்பதை உங்கம்மாவும் சொல்ல முடியாது, டாக்டர்களுக்குள் இருக்கும் சச்சரவும் சொல்லாது.

எத்தனை மணி நேரம் ஆடுகிறாய் என்பதை வைத்துத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நம்ம ஊர்க்காரர்கள் அப்படிப் பேசக் கூடாது. பனியன் கம்பெனிகளில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று நடுராத்திரி தாண்டியும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கப்பா வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் ஓடியது. அவரை யாரும் அடிமை என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் மணிக்கணக்கு எதையும் வைக்கவில்லை. அது பார்ப்பது வேறு. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது உன் கையை விட்டுப் போய்விட்டதா? சாப்பாடு, தூக்கம், சிநேகிதம், வேலை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் வந்து நிற்கிறதா? கெடுதல் கண் முன்னால் தெரிந்தும் விடாமல் தொடர்கிறாயா? இவற்றால் படிப்போ வேலையோ உறவோ பெரிதாகச் சிதைந்து, அது பொதுவாக ஒரு வருசமாவது நீடித்திருக்க வேண்டும். தீபாவளி லீவில் நான்கு நாள் விடிய விடிய ஆடியதெல்லாம் இதில் சேராது.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உனக்குத் தானாகவே அமைந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதும் ஆர்டர் குறைந்தது, உன் கம்பெனியில் ஷிப்டும் குறைந்தது. நீ ரூமிலேயே கிடந்தாய், ஆட்டம் கூடியது. அதை நான் தப்பு சொல்லவே மாட்டேன். வேலையில்லாத பையன் வேறென்ன செய்வான்? பிறகு வேலை திரும்பி வந்ததே, அப்போது ஆட்டம் குறைந்ததா? வாழ்க்கை நிறையும்போது தானாகச் சுருங்குகிற ஆட்டம் நோயல்ல. நீ குறைத்தது ஆட்டத்தை இல்லை, தூக்கத்தை என்று உன் ரூம்காரப் பையன் சொல்கிறான். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நீ நிற்பது கட்டிங் டேபிளில். அடுக்கடுக்காக விரித்த துணியை மிஷின் கத்தி ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு போகும். வேகம் குறைகிறது என்று ஸ்டீல் கையுறையைக் கழற்றி வைக்கிற பழக்கம் உங்கள் செக்ஷனில் உண்டு என்று நீயேதான் சொன்னாய். மூன்று மணி வரை ஸ்குவாடோடு ரேங்க் ஏற்றிவிட்டு எட்டரைக்கு அந்தக் கத்திக்கு முன்னால் போய் நிற்கிறாய். இதற்கு நோய் என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்று டாக்டர்கள் நிதானமாகப் பேசட்டும். உன் விரல் அதுவரை காத்திருக்க முடியாது.

மூளையைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1998இல் லண்டனில் வீடியோ கேம் ஆடுகிறவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, டோபமைன் சுரப்பது கூடுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதைக் காட்டி, கேமும் போதை ஊசியும் ஒன்று என்பவர்களை நம்பாதே. பசியில் சோற்றைக் கண்டாலும் டோபமைன் சுரக்கும். ஆனால் நீ ஆடுகிற ஆட்டத்தைச் செய்தவர்கள் விவரமானவர்கள். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் ஓயாமல் முயல்கின்றன என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டினார். நீ காசு போட்டுத் திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிக்குள் இருப்பது அதே கணக்குதான். பெல்ஜியம் 2018இல் அந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. ஆகவே நிறுத்த முடியவில்லை என்றால் அது முழுக்க உன் மனத்தின் பலவீனமில்லை. உன்னை எழ விடாமல் வைத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது காசு. இதில் மட்டும் நான் கொஞ்சமும் இளகப் போவதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ஆட்டத்துக்குள் செலவழிக்கிற யூசி வாங்குவதில் ஆரம்பித்து, போன வருசம் ரம்மி வரை போய் வந்தாய் என்று எனக்குத் தெரியும். ரம்மி ஆட்டமல்ல, சூது. அந்த அமெரிக்கக் கையேடே சூதில் தயங்கவில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? நம்ம தமிழ்நாடு இதில் நிறையப் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறது. கடன், பிறகு தற்கொலை என்று வந்த செய்திகளை நீயும் படித்திருப்பாய். 2021இல் அரசு கொண்டுவந்த தடையை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள், அந்த அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் அவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. பிறகு நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை காசு ஆட்டம் கூடாது என்று மாநில ஆணையம் விதி போட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. இவ்வளவு வருசப் போராட்டம். இதற்குப் பிறகும் எவனாவது லிங்க் அனுப்பினால் தொடாதே. ஏற்கனவே கடன் இருந்தால் தொகையை என்னிடம் சொல். திட்ட மாட்டேன்.

சட்டத்தாலேயே எல்லாம் தீராது என்பதும் உண்மை. சிறுவர்கள் நள்ளிரவில் ஆடக் கூடாது என்று தென் கொரியா 2011இல் சட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, பத்து வருசம் கழித்து அதைக் கைவிட்டது.

உன்னை ஆட்டத்தையே விடச் சொல்லவில்லை. கம்பெனியில் உன்னை "ஏய் தம்பி" என்று கூப்பிடுகிறார்கள், ஸ்குவாடில் நீ சொன்னால் மூன்று பேர் கேட்கிறார்கள். அந்த மரியாதை உனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அதைப் பிடுங்கிவிட்டு வெறும் ரூமில் உன்னை உட்கார வைத்தால் எதுவும் சரியாகாது. கட்டிங் மாஸ்டரிடம் மார்க்கர் போடக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதை ஆரம்பி. ஆட்டத்தைப் பதினோரு மணிக்கு நிறுத்து, போனை ரூம்காரப் பையனிடம் கொடு. ஒரு மாசம் இப்படி இருந்து பார். முடிந்தால் உனக்கு நோயில்லை என்று உங்கம்மாவிடம் நானே அடித்துச் சொல்வேன்.

முடியாமல் போனால், எரிச்சலும் படபடப்பும் வந்து பொய் சொல்லி ஆட வேண்டியதானால், டாக்டரைப் பார்ப்பதில் வெட்கப்படாதே. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் நம்ம திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநல டாக்டரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மருத்துவமனைக்குப் போவதானால் நான் கூட வருகிறேன். உங்கம்மா வேண்டாம், நாம் இரண்டு பேர் மட்டும் போவோம். உனக்கு எந்தக் கிழமை தோது என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை