மாற்றுவதா, மேம்படுத்துவதா?

சிலிபினில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையின் மூலையில் ஒரு மேசைக்கணினி இருக்கிறது. 2014ஆம் ஆண்டு வாங்கியது. அதை முடுக்கிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தேநீர் கலக்கி எடுத்து வந்தாலும் திரையில் அந்தச் சிறிய வட்டம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அம்மாவின் தையல் கணக்கு, எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் அக்காவின் பயிற்சிகள், என் பள்ளிப் பணிகள் எல்லாம் அதில்தான். காலஞ்சென்ற தாத்தா ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த காலத்துப் படங்களையும் அப்பா வருடி எடுத்து அதில் சேமித்து வைத்திருந்தார்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. பதிந்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. ஆனால், அக்காவுக்கு அதுவே நல்ல சாக்காகிவிட்டது.

“இனி இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மடிக்கணினி வாங்கலாம், மாமா,” என்றாள்.

மாமா கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரை நாங்கள் விடவில்லை.

“எது மெதுவாக இருக்கிறது?” என்று கேட்டார்.

“கணினிதான்.”

“கணினியில் எது?”

அக்காவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

மாமா டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதைக் காட்டும் பகுதி அது. செயலி 12 விழுக்காடுதான் வேலை செய்துகொண்டிருந்தது. வன்தட்டோ 100 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது. 4 ஜி.பி. நினைவகமும் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. சமையற்காரர் சும்மா நிற்கிறார், காய்கறி வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அதுதான் எங்கள் கணினியின் நிலை.

பழைய வகை வன்தட்டின் உள்ளே தகடுகள் சுழல்கின்றன. பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்பவை. வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு ஒரு சிறு கை நகர்ந்து போய், அந்த இடம் சுழன்று தன்கீழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ நூறில் ஒரு விநாடி ஆகும். கேட்கச் சிறிதுதான், ஆனால், கணினி தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டில் சுழலும் பாகமே இல்லை. அதனால் அதே தேடலை நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் முடித்துவிடுகிறது. பழைய கணினிக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை என்பது மாமாவின் அனுபவம்.

பெட்டியின் மூடியைத் திருப்புளியால் கழற்றியபோதுதான் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ‘டிக்... டிக்...’ வன்தட்டிலிருந்து வந்தது. மாமாவின் முகம் மாறியது.

“படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா?”

அப்பா இல்லையென்று தலையசைத்தார். வாங்குவதா, மாற்றுவதா என்ற பேச்சு அத்துடன் நின்றது. மாமா தம் பையிலிருந்து வெளிவன்தட்டு ஒன்றை எடுத்து இணைத்தார். முதலில் தாத்தாவின் படங்கள், அடுத்து அம்மாவின் கணக்கு, பிறகு மற்றவை. மாலைவரை நகலெடுத்தோம். சில கோப்புகள் திறக்கவே மறுத்தன. தாத்தா தம் நண்பர்களோடு நிற்கும் படம் பாதியில் சாம்பல் நிறமாகிப் போயிருந்தது. அப்பா அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணினியைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்தப் பாதிப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரவு உணவுக்குப் பின்தான் கணக்குப் பார்த்தோம். எங்கள் கணினியில் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆக, அந்த வழி அடைபட்டுவிட்டது. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் இன்னொரு வழி. அம்மாவின் கணக்கை லிப்ரேஆபிஸில் திறக்கலாம். தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் இருப்பதால் சிக்கல் இல்லை. பள்ளியின் டெலிமா தளத்துக்கு உலாவியே போதும்.

திடநிலை வட்டுக்கும், யாரோ பயன்படுத்திக் கழித்த 4 ஜி.பி. நினைவகத்துக்கும் சேர்த்து 190 ரிங்கிட் ஆகும் என்றார் மாமா. அக்கா பார்த்து வைத்திருந்த மடிக்கணினியோ 2,300 ரிங்கிட்.

“பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும். இங்கே பத்தில் ஒரு பங்குகூட இல்லை,” என்றார். சற்று யோசித்துவிட்டு, “ஆனால், நாளைக்கே தாய்ப்பலகை பழுதானால் ஒரு காசுகூடச் செலவழிக்காதீர்கள்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா விடவில்லை. எஸ்.பி.எம். முடித்து அசைவூட்டம் படிப்பது அவள் ஆசை. அதற்கு இந்தக் கணினி ஈடுகொடுக்காது என்பதை மாமாவும் ஒப்புக்கொண்டார். எனவே, இப்போதைக்கு 190 ரிங்கிட்டோடு நிறுத்திக்கொள்வது, அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும்போது அந்தப் படிப்புக்கு ஏற்ற மடிக்கணினி வாங்குவது என்று முடிவாயிற்று. அதற்காக அம்மா மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கத் தொடங்கினார்.

கழற்றிய வன்தட்டை நான் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். மாமா தடுத்தார். மலேசியாவில் மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டின்கீழ் வரும் அட்டவணைக் கழிவு; அதற்கெனச் சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டுமாம். உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் 6,200 கோடி கிலோகிராம் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குகூட இல்லை.

மாமா வன்தட்டைத் திருப்பி, அதன் பச்சைப் பலகையில் வெள்ளி நிறத்தில் மின்னிய புள்ளிகளைக் காட்டினார். உறுப்புகளைப் பலகையோடு இணைக்கும் பற்றாசு அது. இன்றைய ஈயமற்ற பற்றாசில் பெரும்பங்கு வெள்ளீயந்தான். எனக்குச் சற்றே குழப்பம்.

“ஈயமற்றதென்றால் தாத்தா தோண்டியது?”

“நாம் ஈயம் ஈயம் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியது வெள்ளீயந்தான்,” என்றார் மாமா. “ஈயமற்ற பற்றாசில் இல்லாதது காரீயம். அது நச்சுள்ளது.”

அப்பா அந்த வன்தட்டை வாங்கி நாளிதழில் சுற்றி அலமாரியில் வைத்தார். அந்தப் பாதிப் படத்தை மீட்க முடியுமா என்று இன்னும் ஒருவரிடம் கேட்டுப் பார்த்த பிறகே அதைக் கொடுக்கப் போகிறாராம்.