மண்தொட்டியில் ஸ்ட்ராபெரி

குளிர்ந்த மலைநாட்டில் விளையும் ஸ்ட்ராபெரியைப் பொருநைக் கரையில் தொட்டியிலிட்டு வளர்த்துக் கனி கொள்ளுதல் கூடுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். இதனைச் 'செம்புற்றுப்பழம்' என மொழிபெயர்ப்பாரும் உளர். அப்பெயர் வழக்கில் வேரூன்றாமையின், பலரும் அறிந்த பெயரையே கொண்டாம்.

இப்பயிருக்கு இந்தியாவிற் பேர்பெற்ற மகாபலேசுவரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரமுடையது. நம் மாநிலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இது விளைகின்றது. திருநெல்வேலியோ 50 மீட்டர் உயரமும் எட்டாத சமவெளி.

செடி தழைத்தல் வேறு, காய்த்தல் வேறு. பகல் குறுகி இரவு குளிருங் காலத்திலேயே பெரும்பாலான வகைகள் பூமொட்டுக்கு அடியிடுவன. பகலைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நம்மூரின் மிக நீண்ட பகலும் 12¾ மணிக்கு மேற்படாது. தடையாய் நிற்பது வெப்பமே. மார்கழி, தைத் திங்களிலும் இங்கே இரவு வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழிறங்குதல் அரிது. ஆகவே இங்கேயே வளர்ந்த கன்று இலை தழைத்தும் பூவாது நிற்றல் வியப்பன்று.

இதற்கு வழி, மொட்டினை மலையிலே கருக்கொள்ளச் செய்து, கனியை மாத்திரம் இங்கே பெறுதலாம். மார்கழித் தொடக்கத்தில், அடைமழை ஓய்ந்தபின், மொட்டுக் கட்டிய கன்றுகளை மலைத் தோட்டங்களினின்று கொணர்ந்து நடுக. பூத்து ஏறத்தாழ ஒரு திங்களிற் பழம் பழுக்கும். மாசியோடு அறுவடை முடிந்துவிடும். பங்குனி வெயிலில் அச்செடியைக் காத்து மறு ஆண்டும் பழம் எதிர்பார்த்தல் வீண் என்பதே எம் கருத்து.

இனித் தொட்டி. கருநிறப் பிளாஸ்டிக் பைகள் வெயிலைப் பருகி வேரை வேகவைக்கும். சுட்ட மண்தொட்டியோ நுண்டுளைகள் வழியே நீரைக் கசியவிட்டு, அந்நீர் ஆவியாகுங்கால் வேர்மண்ணைக் குளிர்விக்கும். கோடையில் வீட்டுப் பானைநீர் குளிர்வதும் இதனாலேயே. மட்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்ற காருக்குறிச்சி அண்மையிலிருக்கப் பிளாஸ்டிக்கைத் தேடுவானேன்? எட்டங்குல அகலமும் அவ்வளவு ஆழமும் ஒரு செடிக்குப் போதும். அடித்துளைமேல் ஓட்டுச்சில் இட்டு, செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்புக. குருத்து மண்ணுள் அமிழின் அழுகும். வேர் வெளியே தெரியினோ காயும்.

உப்பைச் சிறிதும் பொறாத பயிர்களுள் இஃது ஒன்று. உவர்க்கிணற்று நீரை விடற்க. ஆற்றுநீரோ மழைநீரோ நன்று. தொட்டியின் புறத்தே வெள்ளையாய் உப்புப் பூக்குமாயின், அடித்துளை வழியே வழிந்தோடுமளவு நன்னீர் விட்டு மண்ணைக் கழுவுக. காய்கள் ஈரமண்ணிற் படாவண்ணம் வைக்கோல் பரப்புக. நெல் விளையும் இப்பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சமில்லை. அணிலுக்கு வலையே மருந்து.

யாம் பழமென்று உண்ணும் செஞ்சதை உண்மையிற் பூத்தளமே. அதன்மேல் விதைபோலத் தோன்றுவனவே கனிகள். அவை மகரந்தம் பெறாவிடத்துச் சதை பருக்காது கோணும். 1714இல் பிரேசியே என்னும் பிரெஞ்சுப் படைப்பொறியாளர் சிலி நாட்டினின்று கொணர்ந்த செடிகள் பெண்செடிகளாதலின், பிரான்சிற் காயாது நின்றன. வட அமெரிக்க வகையின் மகரந்தம் கிடைத்த பின்னரே அவை காய்த்தன. அக்கலப்பிற் பிறந்ததே இன்று உலகெங்கும் விளையும் ஸ்ட்ராபெரி. ஆதலின் தேனீ வாராத மாடத்திற் செடி வைப்போர், மெல்லிய தூரிகையாற் பூவின் நடுவே வருடிவிடுதல் வேண்டும்.

பறித்தபின் இப்பழத்தில் இனிப்பு ஏறாது. காம்புவரை சிவந்த பின்னரே, காலையிற் காம்போடு கிள்ளி எடுக்க.