சாத்துக்குடி - பனீர் கலவை

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதிக்கு வெளியூர், வெளிநாட்டு அன்பர்கள் நிறைய வருகின்றனர். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் விவசாயிகள், மிஞ்சும் பாலைப் பனீராக்கிச் சாத்துக்குடியுடன் கலந்து விற்கலாம்.

ஒரு லிட்டர் பசும்பாலைக் கொதிக்கவிட்டு இறக்கி, 5 நிமிடம் ஆறவிடவும். எலுமிச்சைச் சாற்றில் சமஅளவு நீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவும். பால் திரிந்து இளம்பச்சைத் தெளிநீர் பிரிந்ததும் நிறுத்தவும்; மேலும் ஊற்றினால் பனீர் புளிக்கும். சுத்தமான மெல்லிய துணியில் வடித்து, கால் மணி நேரம் தொங்கவிடவும். எடை ஏற்றாவிட்டால் பனீர் மென்மையாக இருக்கும்.

சாத்துக்குடியின் தோல், வெள்ளை நார், விதைகளை நீக்கவும், இவை கசக்கும். சுளைகளுடன் பனீர், சிறிது உப்பு, மிளகுத்தூள் சேர்க்கவும். பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். முன்பே கலந்தால் நீர்த்துவிடும்.

பனீர் விரைவில் கெடும், அன்றே விற்றுவிடவும். விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.